துவாரபாலகருக்கு ஒரு மீசை

ஜனவரி 18, சனி

டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் பேனாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "சென்னியப்பன், உங்க பிரஷர் ஏறி ஏறி இறங்குது. தினமும் அளந்து, அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, என்ன நடந்துதுன்னு ஒரு டைரியில எழுதிட்டு வாங்க. காரணத்தக் கண்டுபிடிச்சிரலாம்" என்றார். இந்த டைரி போர்வெல் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குழாய் படம் போட்டிருக்கிறது.

இன்று 138/88. காலையில் இட்லி ஐந்து. மதியம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. நடந்தது: ஒன்றும் இல்லை.

டாக்டரின் தகவலுக்காக: வயது நாற்பத்தொன்று. திருமுருகன்பூண்டியில் நாகமாணிக்கம் ஸ்தபதியின் சிற்பக் கூடத்தில் இருபத்து மூன்று வருடமாகக் கல்லில் சாமி செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களை எல்லாம் நான்தான் வேண்டாம் என்றேன். இரண்டு பேர் அவர்களாகவே வேண்டாம் என்றார்கள். அதைச் சேர்க்க வேண்டியதில்லை. தெய்வானை அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பிரஷர் பார்க்கும் மெஷின் அக்காவுடையது.

ஜனவரி 20, திங்கள்

152/96. காரணம்: அக்கா போட்ட மாங்காய் ஊறுகாய்.

கூடத்தில் இப்போது பெரிய வேலை. கரட்டுப்பாளையம் ஈசுவரன் கோயிலுக்கு இரண்டு துவாரபாலகர், ஆளுக்கு ஆறடி. கருவறை வாசலின் இருபுறமும் நின்று, கண்ணை உருட்டி, கோரைப்பல் காட்டி, ஒரு விரலை நீட்டி 'ஜாக்கிரதை' என்று மிரட்டுவார்களே, அவர்கள்தான். வலப்பக்கம் என்னுடையது. இடப்பக்கம் காளியண்ணனுடையது. இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்திருக்க வேண்டும். நான் முகத்தை முடித்த பிறகு அதைப் பார்த்து அவன் வடிப்பான். இது எங்கள் கூடத்து வழக்கம்.

கருங்கல்லில் உளி அதிக நேரம் தாங்காது, முனை மழுங்கிவிடும். பின்பக்கத்து உலைக்குக் கொண்டுபோனால் பொன்னுச்சாமி பழுக்கக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் முக்கிக் கூராக்கித் தருவார். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாற்பது நாள் நெருப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாதாம். இன்று போனால், அவர் இடத்தில் அவர் மகள் மரகதம் உட்கார்ந்திருக்கிறார். காங்கேயத்தில் தனியாக உலை வைத்து மாட்டுக்கு லாடம் அடிக்கிறவராம். கல்யாணம் ஆகவில்லை. இதை நான் விசாரிக்கவில்லை, காளியண்ணன் தானாகச் சொன்னான்.

என் உளியை எடுத்து முனையைப் பார்த்தார்.

"இது யாரு உளிங்க?"

"என்னுதுங்க."

"ஒரு பக்கமாவே மழுங்கியிருக்குது. சாய்ச்சுப் புடிச்சு அடிக்கறீங்க. எத்தன வருசமா இந்த வேல செய்யறீங்க?"

"இருவத்தி மூணு."

"இருவத்தி மூணு வருசமா யாரும் சொல்லலீங்களா?"

காளியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு உளி பிடிக்கவே தெரியாது. ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

சும்மா ஒரு சோதனைக்காக உளியை நேராகப் பிடித்து அடித்தேன். முனை இரண்டு மடங்கு நேரம் தாங்கியது. இந்த இடத்தில் கல் கொஞ்சம் மென்மையாக இருக்க வேண்டும். 134/86.

ஜனவரி 23, வியாழன்

உளி மழுங்காததில் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்பெல்லாம் நாளைக்கு நாலு தடவை உலைக்குப் போவேன். நேற்று இரண்டே இரண்டு தடவை. உலைக்குப் போய்வருவது நல்ல நடை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஆகவே மதியத்திலிருந்து பழையபடி சாய்த்தே பிடித்தேன். உடம்புதான் முக்கியம்.

ஐந்து தடவை போனேன். 148/94.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. கல் வேலைக்காரர்களுக்கும் கொல்லர்களுக்கும் அமாவாசை விடுமுறை, உளி தொடக்கூடாது. மாதத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான். இன்று ஏனோ பொழுதே போகவில்லை. காலை ஏழு மணிக்குக் கூடத்துக்குப் போய், பூட்டு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பதினொரு மணிக்கும் ஒருமுறை பார்த்தேன்.

118/78. "இன்னிக்கு மட்டும் எப்படிடா எறங்குச்சு?" என்றாள் அக்கா. "ஊறுகா போடலையா?" என்றேன். "ரெண்டு தடவ போட்டுக்கிட்டயே" என்றாள். அக்காவுக்கு மெஷின் பார்க்கத் தெரியாது.

பிப்ரவரி 3, திங்கள்

162/100. காரணம் எழுதவே கை கூசுகிறது.

சாய்த்துப் பிடித்தாலும் நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் உளி மழுங்குவதில்லை. எனவே இரண்டு நாளாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காதபோது உளி முனையைத் தொட்டிச் சுவரில் தேய்த்துவிட்டுக் கொண்டுபோனேன். இன்று எட்டாவது உளியை வாங்கிய மரகதம், அதை உலையில் வைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கருங்கல்லுல போன முனை இல்லீங்க. கல்லுல அடிச்சா பொடிஞ்சு போயிருக்கும். இது தேஞ்சு போயிருக்குது." மூக்கருகே கொண்டுபோனார். "சிமெண்டு. அதுலயும் பாசி வாசம் அடிக்குது. தண்ணித் தொட்டிங்களா?"

நான் வானத்தைப் பார்த்தேன். வானம் நன்றாக இருந்தது.

"ஏனுங்க, கரி என்ன மரத்துல காய்க்குதா? நாளைக்கு இப்படி ஒரு உளி வந்துச்சுன்னா லாடமா அடிச்சுக் குடுத்துருவேன். அப்புறம் மாட்டியிட்டு நடக்க வேண்டியதுதான்!"

ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேராக நீட்டிச் சொன்னார். கண் இரண்டும் உருண்டன. வலப் புருவம் மேலே போயிற்று. அந்தப் புருவத்தில், எப்போதோ நெருப்புப் பொறி பட்டு முடி முளைக்காத ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. நெல் அளவு இருக்கும். தற்செயலாகக் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று துவாரபாலகரின் மிரட்டும் விரலை வடித்தேன். இதற்கு முன் பதினாறு துவாரபாலகர் செய்திருக்கிறேன். எல்லா விரலும் டீக்கடையில் 'ஒரு டீ' என்று காட்டுகிற மாதிரியேதான் வந்திருக்கின்றன. இன்றைக்கு வந்ததுதான் விரல். ஸ்தபதி நின்று பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இப்பத்தாண்டா இது மெரட்டுது" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா திடீரென்று ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பொன்னுச்சாமியின் கண்ணை விசாரிக்கப் போனாள். அவள் அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்து, "கண்ணு நல்லாயிருக்குது. பொண்ணுக்கு முப்பத்தாறு. மிருகசீரிடம்" என்றாள். கண்ணை விசாரிக்கப் போனவள் நட்சத்திரத்தோடு ஏன் வந்தாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

முகம் முடிந்தது. கண்மணிக் கோடு மட்டும் பாக்கி. அது கண் திறக்கும் நாளில்தான். நான் செய்ததிலேயே இதுதான் சிறந்த முகம். அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

வலப் புருவத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்துவிட்டது. நெல் அளவு. கல்லின் குற்றம்.

தூசி படியாமல் இருக்க முகத்தைச் சாக்கால் மூடிவிட்டேன். வேறு காரணம் இல்லை. உலை கூடத்துக்குப் பின்னால் இருப்பதால் மரகதம் இந்தப் பக்கம் வருவதும் இல்லை. அதற்காக மூடவில்லை, தூசிக்காகத்தான். 144/92.

பிப்ரவரி 17, திங்கள்

காளியண்ணன் தன் துவாரபாலகரின் முகத்தை முடித்துவிட்டான். போய்ப் பார்த்தேன். இடப் புருவத்தில் நெல் அளவு இடைவெளி.

"ஏண்டா, இதென்ன?"

"உன்னுதுல வலது. என்னுது சோடி, அதனால எடது."

"என்னுது கல்லோட குத்தம்டா. சில்லுப் பேந்துருச்சு."

"ஓ! கல்லோட குத்தமா?" என்று தலையை ஆட்டினான். "மாப்ளே, நான் அம்மிணி நெத்தியப் பாத்து அளவு வேற எடுத்துட்டு வந்தேன். சோடின்னா சோடி சுத்தமா இருக்கோணுமல்ல?"

ஆக, இப்போது கோரைப்பல்லோடு ஒன்று அல்ல, இரண்டு நிற்கின்றன. நான் தள்ளி நின்று நடுநிலையோடு பார்த்தேன். ஒரு ஜாடையும் இல்லை. அப்போது டீ கொண்டுவந்த ரங்கசாமி, இடப்பக்கத்துத் துவாரபாலகரைப் பார்த்து, "அம்மிணி, உங்களுக்குச் சக்கர கம்மிதானுங்களே?" என்று கேட்டான். அவனுக்குப் பார்வை மட்டம்.

பிப்ரவரி 22, சனி

டாக்டரிடம் போனேன். டைரியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் நர்சைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வைத்தியத்தில் இதெல்லாம் உண்டா என்று தெரியவில்லை.

"காரணம் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"ஊறுகாய்ங்களா?"

"ஊறுகாய்க்கு ஒரு பாவமும் தெரியாது, விட்டுருங்க. நான் மாத்திரைய மாத்தல. நீங்க போய் அந்தம்மாகிட்டப் பேசுங்க."

வீட்டுக்கு வந்து ஜனவரியிலிருந்து ஒரு தடவை புரட்டினேன். மரகதம் பேசிய நாளெல்லாம் ஏறியிருக்கிறது. அமாவாசைக்கு இறங்கியிருக்கிறது. இதை டாக்டர் படித்திருக்கிறார், நர்ஸ் படித்திருக்கிறார், மாங்காயைத் தவிர உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இனி இந்த டைரியை யாரிடமும் காட்டப் போவதில்லை. அதனால் உண்மையையே எழுதலாம்.

மரகதத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. நாற்பது நாளில் முப்பத்து நாலு போய்விட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

பேசலாம் என்று உலைக்குப் போனேன். "என்னங்க?" என்றார். "வெயில் அடிக்குதுங்க" என்றேன். உலை நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போய் இதைச் சொன்னேன்.

பிப்ரவரி 26, புதன்

தலையில் இடி. ஸ்தபதி நாள் குறித்துவிட்டார். சனிக்கிழமை காலை ஏழே முக்காலிலிருந்து எட்டுக்குள் இரண்டு சிலைக்கும் கண் திறப்பு. வேறு எதையும் தொடாத புது உளியால்தான் கண் திறக்க வேண்டும். அந்த உளியை அடித்த கொல்லர் சிலைக்கு நேர் முன்னால் நின்று, தன் கையாலேயே சிற்பியிடம் கொடுக்க வேண்டும். ஸ்தபதியின் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கூடத்தில் இப்படித்தான்.

அதாவது மரகதம் வந்து அந்த முகத்துக்கு நேராக நிற்பார். கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, விரலை நீட்டிக்கொண்டு தன்னையே பார்ப்பார். பக்கத்தில் இன்னொன்றும் நிற்கும். மறுநாள் காங்கேயம் பஸ் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு நான் பேச என்ன இருக்கிறது? எந்தப் பெண்ணிடமாவது 'உங்களை நினைத்துத்தான் இந்தக் கோரைப்பல்லை வடித்தேன்' என்று சொல்ல முடியுமா?

புருவத்து இடைவெளியை அடைக்க முடியாது. கல்லில் எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது.

பிப்ரவரி 27, வியாழன்

அமாவாசை. பூட்டைப் பார்க்கப் போகவில்லை. 116/76. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு நாசமாகப் போயிற்று. இரண்டே நாள். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

யோசனை காளியண்ணனுடையது. இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு அவன் இல்லை என்பான்.

"மாப்ளே, மீச வெச்சுட்டா?"

மேலுதட்டில் மீசைக்குக் கல் விட்டு நான் வடிக்கவில்லை. ஆனால் பட்டறையில் கல் பொடிக்குப் பஞ்சமா? பசையில் கல் பொடியைக் குழைத்தால் கல் நிறமே வந்துவிடும். ஸ்தபதி மதியம் சாப்பிடப் போன நேரத்தில் இருவரும் முக்காலி போட்டு ஏறி, அய்யனார் மாதிரி இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை ஒட்டினோம். சோடி சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவன் தன்னுடையதுக்கும் ஒட்டினான். மீசை வந்ததும் ஜாடை போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. இறங்கி நின்று பார்த்தால், மரகதம் மீசை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அதற்குள் ஸ்தபதியின் பைக் சத்தம் கேட்டது. சாக்கைப் போட்டு மூடிவிட்டோம்.

மார்ச் 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழரைக்கு ஸ்தபதி சூடம் ஏற்றினார். மரகதம் குளித்து, பச்சைச் சேலை கட்டி, புது உளி இரண்டையும் வெற்றிலைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். ஏழே முக்காலுக்குச் சாக்கை எடுக்கச் சொன்னார் ஸ்தபதி. எடுத்தோம்.

ராத்திரி பனியில் பசை இறுகவில்லை. என் துவாரபாலகரின் மீசை ஒரு புறம் கழன்று, கன்னத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காளியண்ணனுடைய துவாரபாலகருக்கு மீசை தாடையில் இருந்தது.

மரகதம் தட்டைக் கீழே வைத்தார். முன்னால் போய், கையை எட்டி, தொங்குகிற மீசையைப் பிடித்து இழுத்தார். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. முகம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. புருவத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இடப்பக்கம் திரும்பி அதையும் பார்த்தார். ரங்கசாமி டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றான்.

"இது நானுங்களா?" என்றார்.

இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு வேர்த்ததில்லை. "ஆமாங்க" என்றேன்.

"எனக்குப் பல்லு இவ்வளவு பெருசுங்களா?"

"பல்லு சாஸ்திரப்படிங்க. மத்ததெல்லாம் நீங்கதான்."

"நேரம் போயிட்டிருக்குதப்பா!" என்று ஸ்தபதி கத்தினார். "ஒட்டுனதத் தொடைங்கடா! கண்ணு தொறக்கற வரைக்கும் இது கல்லு, ஒட்டுனது கல்லுப் பொடி, தோசமில்ல. தொறந்துட்டு அப்புறமாப் பேசுங்க!"

அப்புறமாகப் பேச எனக்குத் தைரியம் இருக்காது. எனக்கு என்னைத் தெரியும்.

"நீங்க போவாதீங்க" என்றேன். "தொட்டியில தேச்சது நான்தான். நீங்க திட்டோணும்னுதான் தேச்சேன். நீங்க திட்டாத நாள் எனக்கு நாளாவே இல்லைங்க. மொகம் இப்படி வரணும்னு நான் நெனைக்கல. கை வேற எதையும் வடிக்க மாட்டேங்குது."

ஸ்தபதி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பத்தி நாலு.

"நான் போகத்தான் போறனுங்க" என்றார் மரகதம். "காங்கேயத்துல என்னோட ஒலைய அணைச்சுட்டா வந்தேன்? எத்தன மாடு லாடமில்லாம நிக்குதோ."

நான் சாக்கை மடிக்கத் தொடங்கினேன்.

"நீங்க வேணும்னா வாங்க. அங்கேயும் கல்லு இருக்குது." தட்டிலிருந்து உளியை எடுத்து என் கையில் கொடுத்தார். விரல் என் மூக்குக்கு நேராக நீண்டது. "நேரா புடிங்க!"

நேராகப் பிடித்தேன். இரண்டு கண்ணும் எட்டு மணிக்குள் திறந்தன. காளியண்ணன் தன்னுடையதை எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது முடித்தான். அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டேதான் அடித்தான்.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா காலையிலேயே பொன்னுச்சாமி வீட்டுக்குக் கிளம்பினாள். கண் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவா என்று கேட்டேன். "போடா, அந்தக் கண்ணு எப்பவோ நல்லாயிருச்சு" என்றாள். மரகதத்தைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் உளி பிடிக்கும் கோணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இவ்வளவு இனிமையான பேச்சு நான் பேசியதே இல்லை.

மார்ச் 3, திங்கள்

கரட்டுப்பாளையத்திலிருந்து லாரியோடு தர்மகர்த்தாவும் ஊர்க்காரர்கள் ஆறு பேரும் வந்தார்கள். துணியை எடுத்துக் காட்டினோம். ஏழு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"என்ன பார்வைங்க இது!" என்றார் தர்மகர்த்தா. "எங்க ஊர்ல ஒருத்தனும் இனிமேல் குடிச்சுட்டுக் கோயிலுக்குள்ள வரமாட்டான்." வலப்பக்கத்துத் துவாரபாலகருக்கு நேராகப் போய், நீட்டிய விரலுக்குக் கீழே சற்றுக் குனிந்தே நின்று, மேலே பார்த்தார். "ஆமா சிற்பி, இந்த மொகத்த எதப் பாத்து வடிச்சீங்க? ஆரோ ஒரு ஆளப் பாக்கற மாதிரியே இருக்குதே?"

"நான் கட்டிக்கப் போறவங்க" என்றேன்.

தர்மகர்த்தா துவாரபாலகரை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு கையையும் எடுத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.